தரை மிஸ்

காலையில் வகுப்பறைக் கதவைத் திறந்ததும் பையை ஆணியில் மாட்டிவிட்டு, அவள் தரையில் குப்புறப் படுத்துவிடுவாள். ஒரு கன்னம் தரையில் பதிந்திருக்கும். அலமாரிக்கு அடியில், மேஜைக்கு அடியில், ஷூ வைக்கும் பெட்டிக்கு அடியில் என்று பார்வையை ஓட்டுவாள். பிறகு முட்டிபோட்டபடியே அறையை ஒரு சுற்றுச் சுற்றுவாள். எழுந்திருக்கும்போது கையில் ஏதாவது இருக்கும்: ஒரு பாசிமணி, ஸ்டேப்ளர் பின், உடைந்த கிரேயான் முனை. முதல் நாள் அவள் மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். "ஒண்ணுமில்லப்பா. அவங்க கண்ணு இங்கதானே இருக்கு? நாம மேல நின்னு பாத்தா என்ன தெரியும்?" என்றாள், தரையிலிருந்தே.

குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் தரை மிஸ். எனக்கு வைத்த பெயர் சார்ட் மிஸ். இரண்டில் எது ஆசையாக வைத்த பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் இருவரும் மழலையர் ஆசிரியைப் பயிற்சியில் ஒன்றாகச் சேர்ந்து, செய்முறைப் பயிற்சிக்கு ஒரே பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள். இருவருமே ஏற்கெனவே வேறொரு பட்டம் வாங்கியவர்கள். என்னுடையது வரலாறு, அவளுடையது கட்டடப் பொறியியல். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மரியாதைக்கு 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். நேரில் 'நீங்க' என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் பொறாமை 'அவள்' என்கிறது. அதன் இஷ்டத்துக்கே விட்டுவிட்டேன்.

பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மழுப்பப் போவதில்லை. நான் பத்து வயதிலேயே தலையணைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடம் எடுத்தவள். பதில் சொல்லாத தலையணைக்கு அடியும் கொடுத்திருக்கிறேன். இந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி நானும் அதை நம்பியிருந்தேன். அவளோ மூன்று வருடம் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கம்பி எண்ணியவள். ஜெயிலில் அல்ல, கட்டடங்களில். ஒரு நாள் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தில் கைகழுவும் தொட்டியின் உயரத்தைப் பார்த்து "இது யாருக்கு?" என்று கேட்டாளாம். "பசங்களுக்குத்தான்" என்றாராம் மேஸ்திரி. அவள் தொட்டிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டுக் கையை நீட்டிப் பார்த்தாளாம், குழாய் எட்டவில்லை. "அங்கதான் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று சிரிப்பாள். ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள்.

பழைய வேலையிலிருந்து அவள் கொண்டுவந்தது ஓர் அளவு நாடா. அதை எந்நேரமும் இடுப்பில் செருகியிருப்பாள். சேர்ந்த இரண்டாம் வாரம், பைகளை மாட்டும் கொக்கிகளை எல்லாம் பிடுங்கி ஒரு சாண் கீழே இறக்கி அடித்தாள். மறுநாளிலிருந்து பதினேழு குழந்தைகளும் தங்கள் பையைத் தாங்களே மாட்டத் தொடங்கின. அதுவரை தினமும் பதினேழு பைகளை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தவள் நான். ஒரு முதுகுவலி குறைந்ததற்கு நான் நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை நாளாய் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறெரிந்தேன்.

அடுத்து என் சார்ட்டுகள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து வெட்டி ஒட்டிய விலங்குகள், அதில் ஒட்டகச்சிவிங்கி ஒன்றுக்கே நாற்பது புள்ளிகள். சுவரில் அழகாக மாட்டியிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள். பிறகு, கபடம் துளியும் இல்லாமல், "இது யாரு பாக்கறதுக்கு?" என்று கேட்டாள். என் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தேன். பள்ளிக்கு வரும் பெற்றோர்களின் கண்ணுக்கும் நேராக. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் இறக்கினேன். ஒட்டகச்சிவிங்கியின் காதை அன்றே ஒருவன் கிழித்துவிட்டான். ஆனால் அன்றுதான் முதல்முறையாக நாலு குழந்தைகள் அதன் முன்னால் நின்று புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தன.

பேச்சிலும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பால் குடிக்க நேரமாகிறது, ஷூ மாட்ட நேரமாகிறது என்று நான் பறக்கும்போதெல்லாம், "யாருக்கு அவசரம்? நமக்கா, அவங்களுக்கா?" என்பாள். அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தமாட்டாள்; குத்திக்காட்டவும் மாட்டாள். குத்திக்காட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. மூன்றரை வயது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ வீட்டுக் கல்யாணத்தில் ஏற்பாடுகளைச் சரிபார்க்க வந்ததுபோல ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று பார்க்கும். அதனால் எல்லோருக்கும் அது பெரியம்மா. வாயைத் திறந்து ஒரு சொல் பேசாது. கூப்பிட்டால் பதிலும் வராது. நான் ஸ்டிக்கர் கொடுத்துப் பார்த்தேன், கைப்பொம்மை காட்டிப் பார்த்தேன், பாட்டுப் பாடினேன். பெரியம்மா என்னையும் ஓர் ஏற்பாடாகப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். தரை மிஸ் ஒன்றும் செய்யவில்லை. பெரியம்மாவுக்கு அரை முதுகைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்து தானாகக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அல்ல, எட்டு நாள். ஒன்பதாம் நாள் ஒரு சின்னக் கை பின்னாலிருந்து வந்து அவள் முழங்காலில் ஒரு முக்கோணக் கட்டையை வைத்தது. "கூரை" என்றது ஒரு குரல். தரை மிஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆமா, கூரை இல்லாம எப்படி?" என்று அதை எடுத்து மேலே வைத்தாள். அன்று மாலை நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மதிய இடைவேளையில் அவளுக்கு அப்பாவிடமிருந்து ஃபோன் வரும். சாப்பிட்டுக்கொண்டே பேசுவதற்காக ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நான் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"இன்னிக்கு என்ன பண்ணின?"

"அஞ்சு மாடி கட்டினோம்ப்பா. கட்டையில. ரெண்டு தடவை விழுந்துடுச்சு."

"படிச்ச படிப்பென்ன, பாக்கற வேலையென்ன. கண்டவன் மூக்கைத் தொடச்சிட்டு இருக்க."

"நாலு பேர் தானே தொடச்சிக்கக் கத்துக்கிட்டாங்கப்பா."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. இந்த வருஷம் முடியறதுக்குள்ள நிரந்தரமா ஒரு இடம் கிடைக்கலேன்னா பழைய கம்பெனிக்கே போறேன்னு நீதான் சொன்ன. பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேம்ப்பா."

எங்கள் பள்ளியில் அடுத்த ஆண்டுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. ஒன்றே ஒன்று. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரிய மிஸ் என்போம். எனக்கும் அந்த இடம் உயிர். போன வருடம், பயிற்சியில் சேரும் முன் வேலை கேட்டுப் போன வேறொரு பள்ளியில், 'குழந்தைகளோடு இன்னும் பழக வேண்டும்' என்று எழுதி என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிறந்ததே இதற்காகத்தான் என்று நினைத்திருப்பவளைப் பார்த்து, பழக வேண்டுமாம்!

பெரிய மிஸ் தேர்வுக்கு ஆளுக்கொரு காலைப் பொழுதைக் குறித்தார். என்னுடையது செவ்வாய்க்கிழமை, பெரிய விக்கினம் இல்லாமல் முடிந்தது. அவளுடையது வியாழக்கிழமை. அன்று வகுப்பு அவள் பொறுப்பு. நான் வெறும் உதவி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வண்ணத்தாள் வெட்டிக்கொண்டிருந்தேன். பெரிய மிஸ் பின் மூலையில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்.

வெளி முற்றத்தில் விளையாட்டு முடிந்து குழந்தைகள் உள்ளே வந்தன. இந்த வேலையில் மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு: உள்ளே வரும்போது ஒவ்வொரு தலையையும் கையால் தொட்டு எண்ண வேண்டும். கண்ணால் எண்ணக் கூடாது. அன்று இரண்டு பேர் ஒரு வாளிக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்ததில், அவர்களைப் பிரித்து உட்காரவைத்துவிட்டு அவள் தானும் வட்டத்தில் தரையில் உட்கார்ந்தாள். குழந்தைகள் தங்கள் உயரத் துணிப்பொம்மை ஒன்றுக்குத் தொப்பி மாட்டி நடுவில் உட்காரவைத்திருந்தன. "அவனுக்கும் கொஞ்சம் இடம் விடுங்க" என்றாள். பிறகு உட்கார்ந்தபடியே விரலை நீட்டி எண்ணினாள். பதினேழு. பாட்டு தொடங்கியது.

நானும் எண்ணினேன். பதினாறு குழந்தைகள், ஒரு பொம்மை.

ஜன்னல் வழியே பார்த்தேன். முற்றத்தில் சறுக்குமரத்துக்கு அடியில் பெரியம்மா கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றிருந்தாள். வாசல் கேட் பூட்டியிருந்தது. 'கேட் பூட்டித்தானே இருக்கிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூலையில் பெரிய மிஸ்ஸைப் பார்த்தேன், அவர் எழுதிக்கொண்டிருந்தார். அவரே நிமிர்ந்து எண்ணட்டும் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். என் கத்தரிக்கோல் அதுபாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தது. பாட்டின் முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடி தொடங்கியது. மறுபடி ஜன்னலைப் பார்த்தபோது சறுக்குமரத்தடியில் யாரும் இல்லை. அப்போதும் என் வாய் திறக்கவில்லை. நிமிர்ந்தேன். தரை மிஸ் பாடிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இவன் பாடவே மாட்டேங்கறான்" என்று ஒரு குழந்தை பொம்மையின் தொப்பியைத் தட்டியது.

அவள் பாட்டு பாதியில் நின்றது. அவள் கண் பொம்மைக்குப் போய், என்னிடம் வந்து, ஜன்னலுக்குப் போனது. "ஒரு குழந்தை வெளிய இருக்கு மிஸ். பொம்மையையும் சேத்து எண்ணிட்டேன்" என்று பெரிய மிஸ்ஸிடம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை.

முற்றத்தின் பின்பக்கம் விளையாட்டுக்குத் தண்ணீர் நிரப்பிய தொட்டி ஒன்று இருந்தது. ஒரு சாண் ஆழம்தான். பெரியம்மா அதன் விளிம்பில் வயிற்றை வைத்துச் சாய்ந்து, மிதந்துகொண்டிருந்த இலையை எடுத்துக்கொண்டிருந்தாளாம். தரை மிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, குழந்தையின் சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது. மடியில் இருந்த வண்ணத்தாள் எல்லாம் கீழே சிந்த நான் எழுந்து நின்றேன்.

பெரிய மிஸ் கத்தவில்லை. குழந்தைகள் போனபிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"என்ன ஆச்சு?"

"தொட்டு எண்ணல மிஸ். தப்பு என்னோடது" என்றாள் அவள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ ஜன்னல் பக்கத்துலதானே இருந்த? உனக்குத் தெரியலையா?"

"கவனிக்கல மிஸ்" என்றேன்.

அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல் போதும், என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் மேஜைமேல் இருந்த நோட்டை இழுத்து, நடந்ததை எழுதத் தொடங்கினாள். எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்படி எண்ணினாள், எப்போது தெரிந்தது, குழந்தை எங்கே இருந்தது. என்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு, பெரியம்மாவின் அம்மா வரும்வரை காத்திருந்து, அவரிடமும் அதையே வாய்விட்டுச் சொன்னாள்.

அடுத்த வாரம் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பொறாமை போய்விடும் என்று நினைத்தேன். அது இன்னும் ஏறியது. வேலை போகும் என்று தெரிந்தும் அவளால் அப்படி உட்கார்ந்து எழுத முடிந்ததே என்று இப்போது அதற்கும் பொறாமை. காட்டிக்கொடுத்திருந்தால் அவளும் என்னைப்போல ஒரு சாதாரண மனுஷி என்று நிம்மதியாக இருந்திருப்பேன்.

மறுநாள் மதியம் வழக்கம்போல ஃபோன் வந்தது.

"கிடைக்கலப்பா" என்றாள்.

"சரி விடு. திங்கக்கிழமை வர்றேன்னு கம்பெனில சொல்லிடவா?"

"சொல்லிடுங்கப்பா."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அவள் வெகுநேரம் குழாயடியில் நின்றாள். நான் போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். 'நான் பார்த்தேன்' என்ற இரண்டு சொற்கள்தான். கதவுவரை போனேன், திரும்பி வந்துவிட்டேன்.

அவளுடைய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று வகுப்பு என் பொறுப்பு. முற்றத்தில் விளையாட்டு முடிந்து குழந்தைகளை வாசலில் வரிசையாக நிறுத்தினேன். தள்ளுமுள்ளு, சிரிப்பு, ஒருவன் ஷூவில் மணல் என்று அழுகை. சீக்கிரம் உள்ளே அனுப்பிவிடலாம் என்று நான் விரலை நீட்டினேன். பக்கத்தில் நின்றிருந்த அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நீட்டிய விரலை மடக்கி, என் உள்ளங்கையைத் திருப்பி, வரிசையில் முதலில் நின்ற குழந்தையின் உச்சந்தலையில் வைத்து, மேலே தன் கையையும் வைத்து அழுத்தினாள்.

"ஒண்ணு" என்றாள்.