கோடு நெளியுது

தோல் பதனிடும் டேனரியில் தோலைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்மை எவ்வளவு நேரம் முன்னால் சுற்ற வேண்டும், எப்போது பின்னால் சுற்ற வேண்டும் என்று சொல்லும் கன்ட்ரோல் போர்டை நாங்கள் இருவரும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். வேலூரில் உட்கார்ந்து சர்க்யூட் வரைவது நான். அதைக் கம்ப்யூட்டரில் பிசிபி என்கிற சர்க்யூட் பலகையின் வரைபடமாக்கி, டிராக் என்கிற செம்புக் கோடுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் ஓட்டுவது ஆம்பூரில் இருக்கும் என் நண்பர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னைத் தோஸ்த் என்பார். அவர் போடும் டிராக்கைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஒருநாள் காலையில் போன் செய்தார். "தோஸ்த், சாஃப்ட்வேர் பேஜார் பண்ணுது. கோடெல்லாம் நெளியுது."

"இன்னா பாய், கோடு எப்படி நெளியும்?"

"நடுவுல மட்டும் நெளியுது. கிரிட் போட்டா ஜாஸ்தியா தெரியுது."

கிரிட் என்பது திரையின் பின்னணியில் வரும் சின்னச் சின்னக் கட்டம். புது வெர்ஷன் போட்ட கையோடு இந்தத் தொல்லை வந்ததால் எனக்கு வேறு சந்தேகமே வரவில்லை. கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றச் சொன்னேன். ஆக்சிலரேஷனை அணைக்கச் சொன்னேன். கிரிட்டைக் கோட்டிலிருந்து புள்ளிக்கு மாற்றச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "இப்ப கம்மியா இருக்கு" என்பார். மறுநாள் "அப்படியேதான் இருக்கு" என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போர்டை முடிக்காம சாக்கு சொல்றீங்க பாய்" என்றேன். சிரித்தார்.

கடைசியில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். என் திரையில் திறந்து பார்த்தால் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. படத்தில் சரியாக இருந்தால் சாஃப்ட்வேர் மேல் குற்றமில்லை, மானிட்டர்தான் கெட்டிருக்கும். என் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு ஆம்பூர் பஸ் ஏறினேன்.

மாட்டிக் காட்டினேன். திரையின் நடுவில் விரலை வைத்தார். "பாரு, இங்கதான். உன் மானிட்டர்லயும் நெளியுது."

பார்த்தேன். கோடு நேராகத்தான் இருந்தது. பழைய மானிட்டரை மறுபடி மாட்டினேன், அதிலும் நேர்தான். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு நேரா தெரியுதா தோஸ்த்?"

அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார், பிறகு மற்றதை. "அப்ப சிஸ்டம் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவில் ஒரு புள்ளி. "இங்கயும் கிரிட் போட்டு வச்சிருக்காங்க" என்று என் காதில் சொன்னார். விழித்திரையின் நடுப்பகுதி வீங்கிவிட்டது, ஊசி போட்டால் மேலும் கெடாமல் பார்க்கலாம், போன பார்வை முழுசாகத் திரும்பாது என்றார் டாக்டர்.

ஊசி போட்டும் பொடி எழுத்து தெரியவில்லை. கடைக்குப் போகிறார், தொழுகைக்குப் போகிறார், ஆளைக் குரலை வைத்துக் கண்டுபிடிக்கிறார். டிராக் போடுவதுதான் முடியாது. அவர் ஆசைப்பட்டுச் செய்த வேலை அது ஒன்றுதான். நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

போன மாதம் வரச் சொன்னார். மகளின் காலேஜ் படிப்புக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேண்டுமாம். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பிசிபி சாஃப்ட்வேரை எடுத்துவிட வேண்டும். "நீயே எடுத்துடு" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நீக்கு என்பதை அழுத்தினேன். திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நான் நிறுத்தியது அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். படிக்க முடியவில்லை.

"இன்னா கேக்குது?"

"நிச்சயமா எடுத்துடலாமான்னு கேக்குது பாய்."

முகத்தைத் திரையிலிருந்து பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"ஆமான்னு சொல்லு" என்றார்.