எது முன்னால் வருகிறதோ அது

ஸ்டியரிங் அக்கா என்றால்தான் அவளை ஊருக்குத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவள் தெருக்காரர்களே, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரிப்பார்கள். ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவள். மருந்துக்கடை மாடியில் பத்துக்குப் பத்து அறை. சுவர் நிறையச் சாலைக் குறியீட்டுப் படங்கள். மேசைமேல் எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய ஒரு பழைய ஸ்டியரிங். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் இரண்டு நாள் அதைத்தான் உட்கார்ந்த இடத்தில் திருப்ப வேண்டும். சிரித்தால் மூன்றாம் நாளும் அதேதான்.

இப்படி ஐந்து வருஷத்தில் நானூறு பேருக்கு மேல் ஓட்டப் பழக்கிவிட்டாள். அத்தனை பேரும் அந்த ஒரே காரில்தான் பழகினார்கள். பாவம், அது பட்ட பாடு! நாள் முழுக்க உறுமல், குலுக்கல், திடீர் பிரேக். வேறொரு வண்டியாக இருந்தால் என்றைக்கோ கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கும்.

அந்தக் காரை வாங்கும்போதே வீட்டில் பெரிய ரகளை. அவளுடைய அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், உசத்திக் கம்பெனிக் கார் வைத்திருப்பவன். அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

"கொஞ்சம் ஓடினதா இருந்தாலும் உசத்திக் கம்பெனி வண்டியா வாங்கு. இதெல்லாம் தகர டப்பா. கதவைச் சாத்துற சத்தத்துலயே தெரியலையா?"

"அண்ணே, உன் உசத்திக் கம்பெனி மூணு வருஷம் வாரண்டி தருது. இவன் ஏழு வருஷம் தரான். தன் சரக்கு மேல யாருக்கு நம்பிக்கை ஜாஸ்தி?"

"விக்கத் தெரியாதவன்தான் வாரண்டியைக் கூட்டிக் கொடுப்பான்."

"நீ கதவைச் சாத்திப் பாத்துக்கிட்டே இரு. நான் புஸ்தகத்தைப் படிச்சுப் பாக்கறேன்."

படித்தும் பார்த்தாள். பின்னால் வாரண்டி கிடையாது என்று நழுவக் கூடாதென்று, ஓட்டுநர் பள்ளிக்கான வண்டி என்று விற்பனைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டாள். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? அன்றிலிருந்து எந்தக் குடும்ப விசேஷத்திலும் அண்ணனும் தங்கையும் இதே சண்டைதான். அவன் "டப்பா" என்று ஆரம்பித்தால் அவள் "ஏழு வருஷம்" என்பாள், அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

சோதனை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் நர்ஸம்மா. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அறுபது வயதில் கார் ஓட்டப் பழக வந்தவர். மூன்றாவது கியர் போட்டார். அது கடகடவென்று அலறிவிட்டுத் துள்ளி வெளியே வந்தது. மறுபடி போட்டார், மறுபடி துள்ளியது.

"டீச்சர், சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை. அதுவா வெளில வருது."

அக்கா தானே ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது கியர் நிற்கவே இல்லை. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதைத் தன் கைக்காசில் மாற்றுவதென்றால் பள்ளியை இழுத்து மூடிவிட்டு அண்ணன் கடையில் கண்ணாடி துடைக்கப் போக வேண்டியதுதான். ஆனால் அவள் அசரவில்லை.

"கவலையே இல்ல நர்ஸம்மா. வாரண்டி இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் முழுசாப் பாக்கி!"

வாரண்டி புஸ்தகத்தை எடுத்து நர்ஸம்மாவிடம் பெருமையாகக் கொடுத்தாள். மருந்துச் சீட்டின் பொடி எழுத்தையெல்லாம் படித்துப் பழகிய கண் அது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"டீச்சர், 'ஏழு ஆண்டுகள் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அது'ன்னு போட்டிருக்கே?"

"ஆமா. ஏழு வருஷந்தானே முன்னால வருது? அதுக்கப்புறந்தானே கிலோமீட்டர் வருது?"

நர்ஸம்மா அவளையே பார்த்தார். "அய்யோ டீச்சர்! வரியில எது முன்னால வருதுன்னு இல்ல. ஓட்டத்துல எது முன்னால வருதுன்னு!"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஐந்து வருஷமாக அந்த வரியை அவள் அப்படித்தான் படித்திருந்தாள். அண்ணனிடமும் அப்படித்தான் படித்துக் காட்டியிருந்தாள். அவனும் கதவுச் சத்தத்தைத் தவிர வேறெதையும் கவனிக்காத மகானுபாவன், சரிபார்க்கவே இல்லை. இருவரும் குனிந்து மீட்டரைப் பார்த்தார்கள். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு.

"இன்னும் நாப்பத்திரண்டு கிலோமீட்டர்தான்!" என்றார் நர்ஸம்மா.

கம்பெனியின் சர்வீஸ் நிலையம் பக்கத்து நகரத்தில், முப்பத்தாறு கிலோமீட்டர். போன் செய்தாள். வண்டி ஓடுகிறதா என்று கேட்டார்கள், ஓடுகிறது என்றாள். ஓடுகிற வண்டியைத் தூக்க லாரி அனுப்ப மாட்டோம், ஓட்டிக்கொண்டு வாருங்கள், கியர்பாக்ஸ் நிபுணர் வெள்ளிக்கிழமைதான் வருவார், இன்று விட்டால் அடுத்த வாரம் என்றார்கள். அவளிடம் பழகிய நான்கு பேருக்குப் பன்னிரண்டு நாளில் ஓட்டுநர் தேர்வு. நிதானமாக யோசித்திருந்தால் வேறு வழி ஏதாவது கிடைத்திருக்கும். ஆனால் அக்காவுக்கும் நிதானத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

ஊரில் வண்டி தூக்கும் கிரேன்காரர் அண்ணனுக்குப் பழக்கம் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். கிரேன் எங்கோ கவிழ்ந்த லாரியைத் தூக்கப் போயிருந்தது. அண்ணனே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"என் வண்டியில கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்."

"சக்கரம் உருண்டா மீட்டரும் உருளுங்க" என்றார் நர்ஸம்மா.

"அப்ப ரிவர்ஸ்லயே போனா? மீட்டர் குறையுமே?"

கிண்டலில்லை, நிஜமாகவேதான் கேட்டான். அக்காவுக்கு அந்த அவசரத்திலும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏறு அண்ணே உன் வண்டியில. பின்னாலயே வா. என் முதுகுல எவனும் மோதாமப் பாத்துக்க, அது போதும்!"

கிளம்பினார்கள் பாருங்கள்! மூன்றாவது கியர் கிடையாது. இரண்டிலேயே வண்டியைக் கத்தவிட்டு, நேராக நாலுக்குத் தாவ வேண்டும். அக்கா தாவினாள். வண்டி ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. நர்ஸம்மா நோயாளியின் நாடியை எண்ணுவதுபோல மீட்டரை எண்ணிக்கொண்டே வந்தார். "அறுபத்தஞ்சு... அறுபத்தாறு... டீச்சர், அந்த லாரியைச் சுத்தாதீங்க, நேராப் போங்க!" பின்னால் அண்ணன் எல்லா விளக்கையும் மின்னவிட்டு, குறுக்கே வருகிறவனையெல்லாம் ஹாரனால் விரட்டிக்கொண்டு வந்தான். ஊர்வலம் தோற்றது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பயமும் சந்தோஷமும் சேர்ந்து, "போடா ராசா, போ, போ!" என்று காரைத் தட்டிக்கொடுத்தபடி ஓட்டினாள்.

எழுபத்தைந்தில் வந்தது வினை. பாலத்தில் வேலை, சுற்றிப் போகவும் என்று ஒரு பலகை. எவ்வளவு சுற்று என்று அங்கே நின்றவரைக் கேட்டாள்.

"அதிகமில்லம்மா, நாலு கிலோமீட்டர்தான்."

நாலுதானாம்! கையிலிருந்த உபரியே ஆறு. அதில் நாலு போய் இரண்டு மிஞ்சியது. இப்போது நர்ஸம்மா சத்தமாக எண்ணவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

எண்பத்தொன்பதில் அடுத்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், அண்ணனின் கார் இல்லை. போன் அடித்தது. நர்ஸம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"நின்னு போச்சு. போர்டு முழுக்கச் சிவப்பு விளக்கு. ஸ்டியரிங் திரும்பவே மாட்டேங்குது."

பழையதைக் கொடுத்துவிட்டு அதே உசத்திக் கம்பெனியில் அவன் புதிதாக வாங்கியிருந்த காரின் மூன்று வருஷ வாரண்டி இரண்டு மாதத்துக்கு முன்தான் முடிந்திருந்தது. அக்கா அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். ஐந்து வருஷமாக அப்படி ஒரு நாளுக்காகத்தானே காத்திருந்தாள்? ஆனால் வாயில் வந்தது வேறு.

"வெயில்ல நடுரோட்டுல நிக்கறியா? இரு, நான் திரும்பி வரேன்!"

"திரும்பினா எத்தனை கிலோமீட்டர்?"

"போக வர நாலு" என்றார் நர்ஸம்மா.

"திரும்பாத!" அண்ணன் கத்திய கத்தலில் போன் அதிர்ந்தது. "சொன்னாக் கேளு, திரும்பின, உன்னோட பேசவே மாட்டேன். நான் எதுலயாவது ஏறி வந்துடறேன். நீ போ! போம்மா!"

போம்மா என்று அவன் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு இரண்டிலிருந்து நாலுக்குத் தாவினாள்.

சர்வீஸ் நிலையத்து வாசலுக்குள் நுழைந்து நின்றபோது மீட்டரில் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. நர்ஸம்மா இறங்கி நின்று கைதட்டினார். சர்வீஸ் ஆலோசகர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் அட்டை, அட்டையில் பேனா. சமாச்சாரத்தைக் கேட்டுக்கொண்டு, சாவகாசமாக ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்து எழுதிக்கறேன் மேடம். அஞ்சு நிமிஷம். நாலு கிலோமீட்டர்தான்."

"மீட்டரை முதல்ல எழுதுங்க."

"ஓட்டிப் பாத்துட்டுதான் எழுதுவோம். அதான் இங்க முறை."

சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அக்கா பாய்ந்து பக்கத்து இருக்கையில் ஏறினாள். பழகுகிறவர்களின் வண்டியல்லவா, அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓங்கி ஒரு மிதி! வண்டி நின்ற வேகத்தில் அவருடைய அட்டை எகிறிக் கீழே விழுந்தது. அவர் ஆக்ஸிலேட்டரை அமுக்கினார். இவள் விடவில்லை.

"மேடம், காலை எடுங்க!"

"நீங்க பேனாவை எடுங்க!"

அவர் இவள் முகத்தைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, குனிந்து அட்டையை எடுத்து, ஐந்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக எழுதினார். நேரத்தையும் எழுதி நீட்டினார். இவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு காலை எடுத்தாள். ஓட்டிப் பார்க்கக் கூடவே போனாள். வழியில் ஐந்து ஒன்பதும் புரண்டு ஐந்து சைபர் விழுந்தபோது, "போச்சு, போச்சு, ஒரு லட்சம்!" என்று கூவிவிட்டாள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

கியர்பாக்ஸ் நிபுணர் பார்த்துவிட்டு, இது தேய்மானமல்ல, உள்ளே பல்சக்கரத்தில் குறை, முழுதாக மாற்றித் தருகிறோம் என்றார். எட்டு நாளில் தருவார்களாம். அதுவரை ஓட்ட இதே கம்பெனியின் கார் ஒன்றை இரவலாகக் கொடுத்தார்கள்.

சாவியை வாங்கும்போது அண்ணன் வந்து சேர்ந்தான். யாருடைய சரக்கு வேனிலோ ஏறி வந்திருக்கிறான், சட்டையெல்லாம் புழுதி. அவன் காரை அதன் கம்பெனிக்காரர்கள் வந்து தூக்கிப் போயிருந்தார்கள். எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாதாம்.

"எத்தனை?" என்றான், மூச்சு வாங்க.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு."

அவன் காத்திருப்போர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர், தன் வண்டிக்காகக் காத்திருந்தவர். அவர் ஒன்றும் கேட்கவேயில்லை. இவனாகவே ஆரம்பித்தான்.

"என் தங்கச்சிங்க. தானே படிச்சுப் பாத்து, தானே வாங்கி, தனியாளா ஒரு ஸ்கூல் நடத்தறா. நானூறு பேருக்கு மேல கத்துக் கொடுத்திருக்கா. வாங்காதன்னு சொன்னவன் நான்தான். நான் சொன்னது தப்பு."

பெரியவர் தலையாட்டினார். அக்கா சாவியை இடுக்கிக்கொண்டு அவன் சட்டைப் புழுதியைத் தட்டிவிட்டாள். ஐந்து வருஷச் சண்டையில் இதற்குப் பதிலாக எதைச் சொல்வது என்று அவள் யோசித்து வைத்ததே இல்லை. "வா அண்ணே, வீட்டுக்குப் போலாம்" என்றுதான் சொல்ல முடிந்தது.

நர்ஸம்மா பின்னால் ஏறினார். அண்ணன் முன்னால், அவள் பக்கத்தில், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்தான். அவள் ஓட்ட அவன் பக்கத்தில் உட்காருவது அதுதான் முதல் தடவை. சாவியைத் திருப்பினாள், முதல் கியரைப் போட்டாள், கிளட்சை அவசரமாக விட்டதில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினாள், மறுபடி நின்றது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அண்ணன் கையை வெளியே நீட்டி, பொறுங்கள் என்று காட்டினான். மூன்றாம் தடவை அது கிளம்பியது.