விதை மல்லாட்டையும் இரண்டு கை தண்ணீரும்

காலை ஏழே காலுக்குக் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினோம். நான், என் மருமகள் செல்வி, பக்கத்து வீட்டுக் காஞ்சனா, கூடவே இரண்டு மூட்டை மல்லாட்டைப் பருப்பு. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்குப் பதினைந்து ரூபாய்.

"பெருசு, மூட்டைக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணு என்னுது, ஒண்ணு இவளுது. ரெண்டும் லேடீஸ் மூட்டைதாங்க" என்றாள் காஞ்சனா. பஸ்ஸே சிரித்தது. அவரும் விட்டுவிட்டார்.

திருவண்ணாமலை இருபது கிலோமீட்டர் இருக்கும். இதே வழியில் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றிப் போனவன் நான். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அப்போது கையால்தான் காயை உடைத்துப் பருப்பு எடுத்தார்கள். மெஷின் வந்தது, வேலை போயிற்று. பாதித் தெரு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனது. செல்வியும் போய் வந்தவள்தான். மெஷினில் உடைத்தால் பருப்பின் மூக்கு நசுங்கி முளைக்காமல் போகிறது, விதைக்குக் கையால் உடைத்ததுதான் வேண்டும் என்று செங்கம் ரோட்டு வியாபாரி ஒருவர் சொன்னதைக் கேட்டு, பன்னிரண்டு வீட்டுப் பெண்களை அவள் சேர்த்தாள். இன்று கொண்டுபோவது சாம்பிள். பிடித்தால் விதைப்பு முடியும்வரை ஊரிலேயே வேலை. பிடிக்காவிட்டால் மறுபடி பெங்களூர்.

எட்டேகாலுக்கு பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஆசிரமம் தாண்டியதும், நான் மூட்டை இறக்கிய எண்ணெய் மில் இருந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்கதாம்பா என் முதுகு தேஞ்சுது" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"இப்ப உள்ள போனா ஒரு காபி நூத்தம்பது ரூபா, தாத்தா."

கடையில் அந்த வியாபாரி ஏகாம்பரம் முதல் மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டார். அடியிலிருந்து ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார். சத்தமே வரவில்லை.

"தண்ணி தெளிச்சு உடைச்சீங்களாம்மா? பூசணம் புடிச்சிடும். முளைக்காது."

"ஐயோ, இல்லைங்க. விரலைப் பாருங்க." செல்வி கையை நீட்டினாள். நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது.

மில்லுக்கு உடைக்கும் காலத்தில் ஓடு இளகட்டும் என்று தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். முந்தாநாள் பெண்கள் கஞ்சி குடிக்கப் போன நேரம், அந்த விரல்களைப் பார்த்து மனசு கேட்காமல், ஒரு குவியலில் இரண்டு கை தெளித்துச் சாக்குப் போட்டு மூடிவிட்டேன்.

"நான்தாங்க தெளிச்சேன்" என்றேன்.

"அதானே பாத்தேன், அந்தக் குவியல் மட்டும் வெண்ணெ மாதிரி உடைஞ்சுதே!" என்றாள் காஞ்சனா.

செல்வி இன்னொரு மூட்டையின் கட்டை அவிழ்த்தாள். "அந்த மூட்டையையும் கடிச்சுப் பாருங்க சார்" என்றாள்.

கடித்தார். டக்கென்று முறிந்தது. இன்னொன்றும் டக்.

"இதுதாம்மா விதை. இதே மாதிரி உடைச்சா எவ்ளோன்னாலும் எடுத்துக்கறேன். வியாழக்கிழமை காயை வேன்ல அனுப்பறேன்."

ஈர மூட்டையோடு வெளியே வந்ததும் செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இனிமே குடத்துகிட்டயே போகாதீங்க. காய்ஞ்சிருக்குதான்னு கடிச்சுப் பாக்கறதுதான் உங்க வேலை."

"நாலு பல்லுதாம்மா இருக்குது."

"நாலே ஜாஸ்தி."

மலையைத் தேடி எங்கெங்கிருந்தோ ஜனம் வருகிறது, திருவண்ணாமலை பிழைக்கிறது. எங்கள் தெருவைத் தேடி வரும் வண்டி இதுவரை மெயின் ரோட்டிலேயே நின்று ஹாரன் அடித்து, கட்டட வேலைக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடும். காய் வேன் அப்படி நிற்க முடியாது, உள்ளே வந்தாக வேண்டும். குறுகலான தெருவில் அது திரும்புவதற்கு யார் வீட்டு வேலியை நகர்த்துவது என்று ஊர் வரும்வரை செல்வியும் காஞ்சனாவும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.