சிவந்த எச்சம்

கணவர் போர்வெல் வண்டியோடு வடமாநிலத்துக்குப் போய்விட்டால் திரும்பி வர மாதக்கணக்காகும். அப்படி அவர் இல்லாத ஒரு கோடையில்தான் பறவை வளர்க்கத் தொடங்கினேன். வீட்டுக்குக் கிழக்கே ஆள் நின்று நடமாடுகிற அளவுக்கு ஒரு வலைக்கூண்டு. முதலில் வெள்ளை ஃபிஞ்ச், அப்புறம் ஜாவாக் குருவி. போன வருடம் பள்ளிபாளையத்தில் ஒருவரிடம் சிவப்புக் கேனரிக் குருவிகள் வாங்கி அதே கூண்டில் விட்டேன்.

கேனரியின் சிவப்பு தானாக நிலைக்காது. இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்போது நிறப்பொடி கலந்த தீனி கொடுக்க வேண்டும். அவித்த முட்டையும் ரொட்டித்தூளும் பிசைந்து அதில் பொடியைச் சேர்ப்பேன். ஒரே கிண்ணத்தில் வைத்தால் ஜாவாக் குருவிகள் கேனரிகளை அண்டவிடாது. அதனால் மூலைக்கு ஒன்றாக வைப்பேன். வெயில் ஏறினால் முட்டை கெட்டுவிடும் என்று உச்சிக்கு முன்பே எடுத்துவிடுவேன்.

பக்கத்துத் தோட்டத்தில் கணவருடைய அண்ணனின் கோழிப்பண்ணை. அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஷெட்டு முழுக்க முட்டைக்கோழிகள். முதல் முறை பொடி கலந்து கொடுத்த மறுநாள் காலை, தண்ணீர் மோட்டார் போட வந்த மாமா கூண்டருகே நின்றுவிட்டார்.

“அம்மிணி, இங்க வா. என்ன இது?”

கூண்டின் அடியில் விரித்திருந்த காகிதம் முழுக்கச் சிவப்பு எச்சம்.

“ரத்தக் கழிச்சல். அத்தனைக்கும் புடிச்சிருக்குது பாரு.”

“தீனியில பொடி கலந்தனுங்க மாமா. அதனால இருக்குமுங்க.”

“பொடி கேனரிக்குத்தான? அந்த வெள்ளைக் குருவிக்கும் எதுக்குச் செவப்பாப் போவுது?”

“ஒரே கூண்டுங்க. எல்லாமே அதைத்தான் திங்குதுங்க.”

“அப்ப அது ஏன் அப்படி உக்காந்திருக்குது?”

பெட்டைக் கேனரி ஒன்று இறகை உப்பவைத்துக்கொண்டு தரையில் கண்மூடி இருந்தது. அவர் சொல்வது நிஜமாகவும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

“பொழுது சாயறதுக்குள்ள ஒன்னுகூட இங்க இருக்கக்கூடாது. இல்லீனா நானே கதவைத் தொறந்து உட்டுருவேன். ஷெட்டுல ஒரு கோழிக்குத் தொத்துச்சுன்னா எம்பட பொழப்பே போச்சு.”

வெளியே விட்டால் காக்கைகள் கொத்திப் போட்டுவிடும். கணவருக்குப் போன் போட்டேன். “அண்ணன் சொல்றபடி செஞ்சுரு. வேற குருவி வாங்கிக்கலாம்” என்றார். போனை வைத்தேன்.

அந்தப் பெட்டையைச் சின்னக் கூண்டில் வைத்துத் துணி மூடினேன். எச்சக் காகிதத்தை டப்பாவில் மடித்து வைத்தேன். ஸ்கூட்டியில் நாமக்கல்லுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் கூண்டுக்குள் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன். கோழி நோய் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளோடு காத்திருந்தார்கள். என் கூண்டை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

மருத்துவர் எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். பெட்டையைக் கையில் பிடித்து வயிற்று இறகை ஊதிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது ரத்தமில்லைம்மா. கிருமியும் இல்லை. பொடியோட சாயம்தான். குருவி இறகு மாத்துது, அதான் சோர்வு.”

“இதை எங்க மாமாகிட்ட நீங்களே சொல்லுங்க சார்” என்று போனைப் போட்டுக் கொடுத்தேன்.

“மஞ்சக்கரு நல்லாச் செவக்கறதுக்கு நீங்க கோழித்தீவனத்துல கலக்கறதும் இந்த மாதிரிதாங்க” என்று அவரிடம் மருத்துவர் சொன்னார்.

வீடு திரும்பியபோது மாமா கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதவின் கொண்டி போட்டபடியே இருந்தது. உள்ளே குருவிகள் அத்தனையும் இருந்தன.

“டாக்டர் சொன்னாரு, சரி. ஆனா கூண்டு இந்தப் பக்கம் வேண்டாம் அம்மிணி. ஊட்டுக்குப் பின்னால மாத்திரு. குருவிக்குத் தீனி போட்ட செருப்போட ஷெட்டுப் பக்கம் வராத.”

“ஆகட்டுங்க மாமா” என்றேன். அவர் பயமும் பொய்யில்லை.

அந்த வாரமே கூண்டைப் பின்பக்கம் மாற்றி, மேலே நிழல்வலை கட்டினேன். பெட்டை மெல்லத் தேறியது. கழுத்தில் முதல் இறகுகள் மிளகாய்ப்பழ நிறத்தில் வந்தன. மாமா இன்றும் என்னோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுகிறார்.