அப்பாவால் திறக்க முடியாத கதவு

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இன்றைக்குக் கம்போங் ராஜாவில் சொந்தமாக இரண்டு காய்கறிக் கடை, மூன்று லோரி. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. சின்ன வயதிலேயே நான் கெட்டிக்காரி. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசல் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கதவு மழையில் உளுத்துப்போனதும், இடித்த கிடங்கிலிருந்து ஒரு கதவைக் கழற்றி அனுப்பினார் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. நிலையைவிடப் பெரிய கதவு. எஸ்டேட் ஆசாரி நல்ல வெயிலில் ஓரத்தை இழைத்து மாட்டிவிட்டுப் போனார். தேயிலை மலையில் வெயிலை நம்பி வேலை செய்யலாமா? சாயங்காலம் பனி இறங்கினால் மரம் ஊதி நிலையோடு ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால்தான் வரும். அந்த வித்தை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு எல்லோரையும்விட நன்றாகவே தெரியும்.

அந்த வருஷம் கோலா தெர்லாவிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை லோரி ஓட்டுகிறவர். கூட அவர் அம்மா. அக்கா தேநீர்த் தட்டை நீட்டியதோடு சரி, பயத்தில் வாயே திறக்கவில்லை. முன்பு வந்த இடங்களும் இப்படித்தான் நழுவியிருந்தன.

"சொல்லி அனுப்புறோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்ததும் என் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

வெளியே பனி. அப்பா கதவை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். தூக்காமலே இழுக்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, தூக்கி இழுங்கப்பா!" என்று ஓடினேன். அவர் என் காலை நன்றாக மிதித்தார்.

"பின்னால வழி இருக்குங்க" என்றாள் அம்மா.

"பொண்ணு பாக்க வந்துட்டு அடுப்படி வழியா போறதா? சகுனம் நல்லா இருக்காது லா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். இழுத்த வேகத்தில் கை வழுக்கி, பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"லோரி ஓட்டுறவருக்குக் கதவு திறக்கத் தெரியலையா?" என்று அவளே கேட்டும்விட்டாள்.

"லோரி கதவு இப்படி மொரண்டு பண்ணாதுங்க" என்றார் அவர், விழுந்த இடத்திலிருந்தே.

அவர் அம்மாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "வாயில்லாத பொண்ணுன்னுல்ல நெனச்சேன்" என்று திரும்ப உட்கார்ந்துவிட்டார். அக்கா மறுபடியும் தேநீர் போட்டாள். அது ஆறுவதற்குள் தை மாதம் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் அப்பா எழுந்து போய் இழுத்தார், கதவு வந்துவிட்டது.

எனக்கோ ஒரே கவலை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, உடம்பில் தெம்பில்லை, வித்தையும் மறந்துபோயிற்று. இனி இந்த வீடு என்னை நம்பித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது என் முட்டையை எடுத்து அப்பா தட்டில் வைத்தேன். "சாப்பிடுங்கப்பா, பலம் வரும்."

அப்பா சிரிக்கவில்லை. முட்டையைப் பிட்டு, பாதியை அக்கா தட்டில் வைத்தார். அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். கல்யாணம் நிச்சயமானவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாதி முட்டை அவளுக்குப் பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.