நாட்றாம்பாளையத்தில் ஊற்றுத் தண்ணீரின் பின்னால் ஒரு ஞாயிறு

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தண்ணீர் கேனில் வரும், கேனிலேயே தீரும். மலையில் அது எப்படி இறங்குகிறது என்று ஊற்றிலிருந்து வயல்வரை படம் பிடிக்க ஆசை. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தேன்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக நாட்றாம்பாளையம் எழுபது கிலோமீட்டருக்குப் பக்கம். யானை நடமாடும் பாதை என்பதால், நன்றாக விடியும்வரை அஞ்செட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஓடையில் மணல்தான் இருந்தது. அருவிக் கனவோடு போனவனுக்கு வாய்த்தது கறுப்பு பிளாஸ்டிக் குழாய். ஊற்றிலிருந்து பாறை, புதர் எல்லாம் தாண்டி இரண்டு கிலோமீட்டர் இறங்குகிறது. சரி, தண்ணீர் போகும் வழி இதுதானே என்று அதையே படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒன்பது மணிக்கு எதிரே மாதம்மா வந்தார். கணவர் ஓசூரில் ஷிப்டில் இருக்க, இங்கே பீன்ஸ் தோட்டத்தைத் தனியாகப் பார்ப்பவர். விடிந்ததிலிருந்து குழாயில் தண்ணீர் வரவில்லை, எங்கே உடைந்ததென்று தெரியவில்லை. பூ பிடித்த பயிர். அன்றைய முறையை விட்டால் அடுத்தது நான்கு நாள் கழித்துத்தான், அதுவரை தாங்காது என்றார். முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

முறை என்றால், நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஒரே குழாயில் இரண்டு தோட்டம், காலையில் ஒன்று, மதியம் மற்றது. மதியப் பேருந்து வளைவில் ஹாரன் அடித்ததும் வால்வைப் பக்கத்துத் தோட்டத்துக்குத் திருப்பிவிட வேண்டும். முன்பு கடிகாரம் பார்த்தார்களாம். உன் கடிகாரம் வேகம், என் கடிகாரம் மெது என்று சண்டை முற்றி, கடைசியில் பேருந்தை நடுவராக்கிவிட்டார்கள். குழாய் உடைந்தால் நஷ்டம் முறைக்காரருடையது.

காலையில் எடுத்த படங்களைக் காட்டினேன். ஒன்றில் காய்ந்த சரிவில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. அழகுக்காக எடுத்தது. மாதம்மா அதிலேயே விரலை வைத்தார்.

"ஈரம் இல்லாம அங்க ஏன்ணா உக்காரும்? இது எந்த எடம்?"

போய்ப் பார்த்தால் இணைப்பு கழன்று கிடந்தது. சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினார். தோட்டத்துக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. பாதி பாத்திகூட நனையவில்லை, பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் கண்ணெதிரே வளைவில் திரும்பியது.

கேழ்வரகு போட்டிருக்கும் பக்கத்துத் தோட்டத்து முனியப்பன் அதற்கு முன்பே வந்து வால்வருகே உட்கார்ந்திருந்தார். மாதம்மா வீட்டுக்குப் பங்காளிதான், ஆனால் வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. மாதம்மா வால்வைத் திருப்பக் குனிந்தார். முனியப்பன் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பஸ்சு இன்னும் வர்லீங்களே சார்."

மாதம்மாவும் என்னிடம்தான் சொன்னார். "அவங்க கேவுரும் காயுதுன்னு சொல்லுங்கண்ணா."

"பஸ்சு வரட்டும்னு சொல்லுங்க சார்."

பேருந்து கிளப்பிய தூசி அப்போது எங்கள் மூவர் மேலும் படிந்துகொண்டிருந்தது. முனியப்பன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசிப் பாத்தி நனைந்ததும் துண்டை உதறி எழுந்தார். "இப்பத்தான் ஹாரன் கேட்டுது," என்று வால்வைத் திருப்பினார்.

போகிறவர்கள் பெட்ரோலை அஞ்செட்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், உள்ளூர் ஆள் இல்லாமல் ஊற்றுக்கு ஏறாதீர்கள், குழாயை மிதிக்காதீர்கள். பேசாத இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள். அவர்களுக்குப் பேச ஒரு ஆள் வேண்டியிருக்கும்.