அப்பாவைக் கேட்ட கல்யாணப் பாட்டு

யுக்ஹோவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சியுங் சாவ் தீவின் துறையில் நாங்கள் குடியிருந்த படகும் அவர்கள் படகும் பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருக்கும். சோறு தின்னும்போதுகூடச் சாப்பாட்டுக் குச்சிகளால் பலகையைத் தட்டிக்கொண்டு, வாயில் வந்ததைப் பாட்டாகக் கட்டுவாள்.

கரையில் படகுக்காரர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ஆறு வயதுப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் உட்கார்ந்தாள். பள்ளி ஆர்மோனியத்தில் ஒருமுறை கேட்ட மெட்டை அப்படியே வாசித்தாள். கட்டுரை எழுதச் சொன்னால் இறால் வலையைப் பற்றிப் பாட்டு எழுதினாள்.

"தலைப்பு வசந்தம். இதுல வசந்தம் எங்கடீ?" என்றார் ஆசிரியை.

"இறால் வர்ற மாசமே அதுதானே டீச்சர்!"

ஆனால் மீன் பருவம் வந்ததும் அவள் அப்பா குவோக் லாய் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போய்விடுவார். திரும்பி வருவதற்குள் வகுப்பில் பாடம் எங்கோ போயிருக்கும். பன்னிரண்டு வயதில், "எழுத்துதான் வந்துடுச்சே, இனிமே வலையைப் பாரு" என்று படிப்பையே நிறுத்தினார். அவள் அழவில்லை. படகின் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

அந்த மாதமே அவள் அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மணப்பெண்ணும் தங்கைகளும் அழுதுகொண்டே பாடுவார்கள். அந்தப் பாட்டில் யாரைத் திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. யுக்ஹோவின் முறை வந்தது.

"அக்காவைக் கட்டிக் கொடுத்தீங்க, அவளுக்கொரு புருஷன்,
என்னைக் கட்டிக் கொடுத்தீங்களே, கிழிஞ்ச வலைக்கு!
படிக்கிற பொண்ணை நங்கூரமாக்கிக்
கடலுக்குள்ள எறிஞ்சீங்களே, அப்பா!"

கூட்டம் சிரித்தது.

"லாய், பொண்ணு கேக்குறாளே, பதில் சொல்லுய்யா!" என்றார் அவள் மாமா.

"கல்யாணப் பாட்டுக்கு எவன்யா பதில் சொல்லுவான்?" என்றார் லாய். அவர் முகம் சிவந்திருந்தது.

கல்யாணம் முடிந்த நான்காம் நாள் லாய் அவள் படுக்கையைச் சுருட்டிக் கரையில் கருவாடு விற்கும் அத்தை வீட்டில் போட்டார்.

"இங்க இருந்தே பள்ளிக்கூடம் போ. மீன் பருவத்துக்கு வேற ஆள் வெச்சுக்குறேன். ஆனா இனிமே எந்தக் கல்யாணத்துலயும் வாயைத் தொறக்காதே."

"அதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேம்ப்பா."

அசையாத தரையில் அவளுக்குத் தலை சுற்றியது. இரண்டு முறை பாதி வகுப்பில் எழுந்து துறைக்கு ஓடினாள். இரண்டு முறையும் படகுகள் போயிருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஆறாம் வகுப்பில் முதலாவதாக வந்தாள். நகரத்துப் பெண்கள் பள்ளி, சம்பளமில்லாமல் அவளைச் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து வந்த முதல் கடிதத்தைத் எழுத்துத் தெரிந்த தேநீர்க் கடைக்காரர்தான் எங்களுக்குப் படித்துக் காட்டினார்: "இங்க இருந்தா எப்படா படகுக்கு வருவோம்னு இருக்கு. வந்தா எப்படா இங்க திரும்புவோம்னு இருக்கும்."

"இவளுக்கு எங்கதான் இருப்புக்கொள்ளும்?" என்று அலுத்துக்கொண்ட லாய், "இன்னொரு தடவை படிங்க" என்றார்.